பாட்டு தேய்ந்து மறைந்த பிறகு

மார்ச் 16

மதிப்பிற்குரிய கோபுரம் ஐயா அவர்களுக்கு,

முன்பின் அறிமுகம் இல்லாத நான் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். தட்டச்சில் எழுதுவதற்கும் சேர்த்து. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும்.

'கோபுரம்' என்பது பத்திரிகைக்கு வாசகர் கடிதம் போடுவதற்காக நீங்கள் வைத்துக்கொண்ட பெயர், ஏதோ ஒரு குன்றின் மேல் ஒலிபரப்புக் கோபுரத்தில் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்கு முழங்கால் வலி உண்டு. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆறு வருடமாக 'பட்டறை' என்ற பெயரில் உங்களோடு பாட்டைப் பற்றிக் கடிதத்தில் சண்டை போட்டவரின் தங்கை நான்.

அண்ணன் பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலமாகிவிட்டார்.

இந்த வரியை வேறு எப்படியாவது எழுத முடியுமா என்று நான்கு நாள் பார்த்தேன். வரவில்லை. லேத் பட்டறையில் மதியச் சாப்பாடு முடித்து, வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மணி அடித்தும் எழவில்லை. 'எட்டாம் மாடி' இசைக்குழுவின் பாட்டு ஓடும்போது அவரைத் தொட்டால் ஸ்பானர் பறக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்களாம். கேசட்டின் ஒரு பக்கம் ஓடி, தானாக நின்ற பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறார்கள். இதயம் என்று டாக்டர் சொன்னார். வயது முப்பத்து நான்கு.

ஜனவரியில் அவர் எழுதியதற்கு நீங்கள் போட்ட பதில் பிப்ரவரிக் கடைசியில்தான் வந்தது. பிரிக்காமல் வைத்திருந்தேன். "வந்த கடுதாசியைப் படிக்காம வச்சா அவன் மனசு கெடந்து அடிச்சுக்கும். போய்ப் படிச்சுக் காட்டு" என்றார் அம்மா. அண்ணன் அறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். குழுவின் முதல் ஆல்பத்துக்காக ஐந்து பக்கம் வாதாடியிருந்தீர்கள். பதில் வராவிட்டால் அண்ணன் தோற்று ஓடிவிட்டதாக நினைத்துவிடுவீர்களே என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
பட்டறையின் தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட இந்தச் சமயத்தில் வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்து அழுதேன். நான் பார்த்தே இராத ஒருவனுக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டாவது தடவை தேதியைப் பார்த்தேன். மூன்றாவது தடவை மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

தங்கச்சி, உன் அண்ணன் மார்ச் ஒன்பதாம் தேதி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். உன் கடிதத்துக்கு ஐந்து நாள் முன்னால் வந்தது. அதே முகவரி, அதே நீல மை. பதிலும் போட்டுவிட்டேன், இதற்குள் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். ஆரம்பத்தை மட்டும் எடுத்து எழுதுகிறேன்:

"கோபுரம் சார், நல்லா இருக்கீங்களா? கால் வலி எப்படி? மொத ஆல்பம் மொத ஆல்பம்னு நீங்க உருகுறது, சின்ன வயசுல ஓட்டுன சைக்கிளை நெனச்சு ஏங்குற மாதிரி சார். இப்ப ஏறி உட்காந்தீங்கன்னா ரெண்டு முட்டியும் போயிடும்."

இது யாருடைய வேலை? உங்கள் வீட்டில் அவருக்கு நெருக்கமான வேறு யாரும் இருக்கிறார்களா? பட்டறைச் சிநேகிதர் யாராவது விளையாடுகிறாரா? கிண்டலாக இருந்தாலும் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கிண்டல் என்று தெரிந்தால் நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஐயா என்றெல்லாம் வேண்டாம். அண்ணா என்றே எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

கோபுரம்


ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய ஐயா,

நலமாக இருக்கிறீர்களா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி இருக்கிறோம். அண்ணா என்று எழுதச் சொன்னீர்கள். அந்தச் சொல்லை வேறு ஒருவருக்குக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டறையில் விசாரித்தேன். உங்கள் முகவரி அங்கே யாருக்கும் தெரியாது.

அண்ணன் பெயருக்கு நீங்கள் போட்ட பதில் வந்தது. அம்மா விடவில்லை, அதையும் அண்ணன் அறையில் உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் கடிதத்தின் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? குழுவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரிந்தால் நல்லது. முடிந்தால் ஒரு பக்கத்தையாவது அனுப்புங்கள்.

பணிவுடன்,
தங்கை


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, டாக்டர் சொன்னதாகச் சொல். அப்போதுதான் கேட்பார்கள்.

கையெழுத்தைக் கேட்டாய். ஆறு வருடமாக நான் பார்த்து வரும் அதே கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்து, 'ழ' வந்தால் மட்டும் வால் கீழ்வரி வரைக்கும் இறங்கும். நேற்று இன்னொன்று வந்தது, ஏப்ரல் எட்டாம் தேதி எழுதியது. அதிலிருந்து ஒரு பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார்.

கையெழுத்து மாறவில்லை, மற்ற எல்லாம் மாறிவிட்டது. முன்பெல்லாம் உன் அண்ணன் புத்தகத்தில் இருப்பது போல எழுதுவார். இப்போது பேசுவதை அப்படியே எழுதுகிறார். அதைவிடப் பெரிய ஆச்சரியம், கட்சி மாறிவிட்டார். நாங்கள் சிநேகிதமானதே எதனால் தெரியுமா? 'எட்டாம் மாடி'யின் மூன்றாவது ஆல்பமான 'உப்புக் கதவு'தான் அவர்களுடைய உச்சம் என்று இத்தனை வருடம் கழித்தும் உலகமே தலையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, இல்லை, நான்காவதுதான் என்று பத்திரிகைக்கு ஒரே ஒருவர் எழுதினார். யாரடா இந்தத் துணிச்சல்காரன் என்று முகவரி வாங்கி எழுதினேன். எனக்கு முதலாவது, அவருக்கு நான்காவது. மூன்றாவது உச்சம் இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒரே அணி. அப்படிப்பட்டவர் இப்போது எழுதுகிறார்:

"மூணாவதுதான் சார் உச்சம். மொத நாள்லேர்ந்து இதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்? நாலாவதுல என்ன இருக்கு? வயலினைக் கொண்டாந்து நிறுத்திட்டா சோகம் வந்துடுமா? ட்ரம்ஸ்னா எங்க பட்டறைல பிரஸ் ஓடுற மாதிரி நெஞ்சுல எறங்கணும். நாலாவதுல அவன் துணி துவைக்கிறான்."

முதல் நாளிலிருந்தாம்! இழுப்பறை நிறைய அவர் எழுதிய சாட்சி இருக்கிறது.

நான் அனுப்பும் பக்கத்தில் கடைசிப் பத்தியைப் பார். எனக்கு அதுதான் பிடிபடவில்லை. 'உப்புக் கதவு' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடியவே முடியாது. எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒன்றும் இல்லாமல் போய்விடும். அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்:

"அவங்க நிறுத்தலை சார். நமக்குத்தான் கேக்கலை. இங்கேர்ந்து கேட்டா மீதியும் கேக்குது. இன்னும் நாலு நிமிஷம் வாசிக்கிறாங்க. ஒரு எடத்துல ட்ரம்ஸ்காரன் குச்சியைத் தவற விட்டுடுறான். யாரோ சிரிக்கிறாங்க. எல்லாம் ஓஞ்ச பொறகு நாற்காலி ஒண்ணு கிறீச்சுங்குது. பாடுறவன் கேக்குறான், 'வெளிய மழை விட்டுச்சா?'ன்னு."

எங்கேயிருந்து கேட்டால், தங்கச்சி?

இதற்குப் பதில் போடட்டுமா வேண்டாமா என்று சொல்.

கோபுரம்


மே 3

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா உப்பைக் குறைத்துவிட்டார், டாக்டர் பெயரைச் சொன்னதும்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுகிறேன். பிரித்ததுமே ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினோரு வயதில் பட்டறைக்குப் போனவர். உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அவர் சொல்ல நான் எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். "எழுது டிகிரி" என்பார். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து என் பெயர் அதுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், போக வைத்தவர் அவர். நீலத்தில்தான் எழுத வேண்டும், கறுப்பு சாவு அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்பார். எழுதி முடித்ததும் உறையை என்னிடம் தர மாட்டார். "எழுதுறது நீ, படிக்கிறது நீ. ஒட்டுறதாவது என் நாக்காலே நடக்கட்டும், எனக்கும் ஒரு பங்கு வேணாமா?" என்று ஒட்டுவார்.

இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "எழுதத் தெரியாதவன்கூட எவன்டி வாதம் பண்ணுவான்?" என்பார். அதனால்தான் முதல் இரண்டு கடிதங்களையும் அலுவலகத் தட்டச்சில் எழுதினேன். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. 'ழ'வின் வால்கூட என்னுடையதுதான். பத்தாம் வகுப்பில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஐயா, அதை நான் எழுதவில்லை. எழுதிய ஞாபகம் ஒரு துளியும் இல்லை. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் பேசுற மாதிரியே இருக்குடி" என்று சொல்லிவிட்டு, பிய்த்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பதில் போடுவதா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பணிவுடன்,
தங்கை


மே 17

அன்புத் தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உபசாரத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தையும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரே கை. உன் அண்ணனுக்கு எழுதத் தெரியாது என்பதால் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. இதை அவரிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்றுதான் வருத்தம்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். இருபத்திரண்டு வருடமாகக் கோபுரத்தில் வேலை. வானத்திலிருந்து என்னென்னவோ காதில் விழும். அதில் பாதி இரைச்சல், மீதி நம் மனசு. எழுதியது நீதான், உனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாய். துக்கம் மனிதரை என்னவெல்லாமோ செய்யும். நல்ல டாக்டரிடம் போ. வெட்கப்படாதே.

இனி அவர் பெயரில் வரும் கடிதத்துக்கு நான் பதில் போடமாட்டேன். அது உனக்கு நல்லதில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. எழுதுவது நீதான் என்றால், ஆறு வருடமாக நான்காவதுக்கு வாதாடியதும் உன் கைதானே? அந்தக் கை ஏன் திடீரென்று மூன்றாவதுக்கு மாறியது? இதற்கு மட்டும் பதில் சொல்.

கோபுரம்


ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

ஏழு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் பேசியது அதிகப்படி என்றால் மன்னித்துக்கொள். நலமா என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

நீ எழுதவில்லை. அவர் எழுதியிருக்கிறார். ஜூன் இருபதாம் தேதி போட்டது. மறைக்காமல் முழுவதையும் எடுத்து எழுதுகிறேன், சின்னக் கடிதம்தான்:

"கோபுரம் சார், ரெண்டு மாசமா பதிலைக் காணோம். தோத்துட்டோம்னு தெரிஞ்சுடுச்சா? தோத்தவங்க ஒரு கார்டாவது போடணும், அதுதான் மரியாதை. அந்த நாலு நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கேக்குறேன். மழையைப் பத்திக் கேட்டதுக்கு அந்த கிட்டார்காரன் பதில் சொல்றான் சார், 'இல்ல, இன்னும் தூறுது. இன்னொரு தடவை வாசிப்போம்'னு. நீங்க இதைக் கேட்டா ஒத்துக்குவீங்க. இன்னொண்ணு. இப்பத்தான் சார் எழுதுறவ ஒழுங்கா எழுதுறா. நான் சொன்னதைச் சொன்னபடி."

கடைசி இரண்டு வரிக்கு என்ன அர்த்தம்? அதைப் படித்ததிலிருந்து உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது.

உடனே எழுது.

கோபுரம்


ஜூலை 15

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடி டாக்டரிடம் போனேன். நன்றாகத் தூங்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார். தூங்குகிறேன். அம்மா சுகம்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. வரும் உறைகளை வட்டாரவாரியாகப் பிரித்து, முத்திரை குத்தி, கட்டுக் கட்டிப் பையில் போட வேண்டும். ஜூன் மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியில் உட்கார்ந்தேன், மணி ஒன்று இருபது. அடுத்து நான் பார்க்கும்போது இரண்டு பத்து. நடுவிரலில் நீல மை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கறுப்புப் பேனாதான்.

எதிர் மேசையில் எங்கள் பிரிவுத் தலைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தவர், யாருக்கும் பயப்படாதவர்.

"என்னம்மா, சாப்பாட்டு நேரத்துல பரீட்சை மாதிரி எழுதித் தள்ளுற? அது உன் இஷ்டம். ஆனா கூப்பிட்டா, 'இருடி, இந்தப் பாயின்டை முடிச்சுக்கிறேன்'ங்குற. என்னையா டி போட்டுப் பேசுற நீ?"

"நானா மேடம்?"

"பின்ன நானா? அதுவும் தொண்டை கட்டுன மாதிரி ஒரு குரல்ல. சளி புடிச்சிருந்தா லீவு போட்டுட்டு வீட்டுல கெட."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அதற்குள் உறை பையோடு போய்விட்டது. அனுப்புவது என் வேலைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

அதனால் நீங்கள் சொன்னது பாதி உண்மை. எழுதுவது என் கை. சொல்வது நான் இல்லை. உங்கள் பதிலை அவர் அறையில் படித்துக் காட்டிய ஒரு வாரத்துக்குள் நடக்கிறது. நீங்கள் பதிலை நிறுத்திய பிறகு ஒரே ஒரு தடவைதான் நடந்தது, ஜூன் இருபது. அதற்குப் பிறகு இல்லை.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறேன். இடது கையால் முத்திரை குத்தப் பழகிவிட்டேன்.

பணிவுடன்,
தங்கை


செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

வீக்கம் வடிந்ததா? நீ நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். வற்புறுத்தப் போவதில்லை. நானே இப்போது பதில் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறேன்.

போன வாரம் 'உப்புக் கதவு' ஆல்பத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வெளிவந்தது. பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து, இதுவரை யாரும் கேட்காததை எல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று உறையில் போட்டிருந்தது. காலை ஷிப்டில் கொண்டுபோனேன். கடைசிப் பாட்டை அவர்கள் தேய விடவில்லை. வாசித்தது வாசித்தபடி முழுவதும் இருக்கிறது.

கூடுதலாக நான்கு நிமிடம் ஐந்து நொடி. ட்ரம்ஸ்காரர் குச்சியைத் தவற விடுகிறார். யாரோ சிரிக்கிறார்கள். எல்லாம் ஓய்ந்து நாற்காலி கிறீச்சிடும்போதே எழுந்து நின்றுவிட்டேன். பாடகர், "வெளிய மழை விட்டுச்சா?" என்று கேட்டார். பளிச்சென்று வெயில் அடிக்கும் காலை பத்து மணி, தங்கச்சி. "இல்ல, இன்னும் தூறுது" என்ற குரல் வந்ததும் கருவியை அணைத்துவிட்டேன். அடுத்த வார்த்தை எனக்குத்தான் தெரியுமே!

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன், இந்தத் தடவை பயப்படாமல், பாட்டுக்காக. உன் அண்ணன் சொன்னது சரி. முதல் ஆல்பத்தில் அவர்கள் யாருக்கோ நிரூபிப்பதற்காக வாசிக்கிறார்கள். நான்காவதில் தங்களையே பார்த்து வாசிக்கிறார்கள். அந்த நான்கு நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை என்று நினைத்து வாசிக்கிறார்கள். அதற்கு மேலே அவர்கள் போகவே இல்லை. என் வாழ்க்கையில் ஒரு வாதத்தில் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை.

அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 'மூன்றாவதுதான் உச்சம், ஒத்துக்கொள்கிறேன்' என்று. நீ படித்துக் காட்டு. வழக்கில் ஜெயித்தவர் வீட்டுக்குப் போகலாம். அவர் போனால் உன் கையும் உனக்குத் திரும்பி வரும் என்று நம்புகிறேன். நீ சரி என்று ஒரு வரி போட்டதும் அனுப்புகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

கோபுரம்


செப்டம்பர் 12

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நல்ல சுகம் கிடைக்க வேண்டும். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மணிக்கட்டு முழுவதும் சரியாகிவிட்டது. ஜூன் இருபதுக்குப் பிறகு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இனி வீட்டில் பேசுவது போல அவன் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். யாரிடமும் சொல்லாதது.

அண்ணன் ஒருநாளும் நான்காவது ஆல்பத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது இல்லை. பத்திரிகைக்கு முதன்முதலில் எழுதச் சொன்னபோதே "எழுது டிகிரி, மூணாவதுதான் உச்சம்" என்றுதான் சொன்னான். நான் நான்காவது என்று எழுதினேன்.

எனக்குப் பிடித்தது அது. கல்லூரிக்குப் போய்வர இரண்டு மணி நேரப் பேருந்து. அவனுடைய பழைய வாக்மேனில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போவேன். வகுப்பில் எல்லோரும் மேசையில் தட்டித் தட்டி எது நல்ல படம், எது நல்ல பாட்டு என்று கத்துவார்கள். மூன்று வருடத்தில் நான் வாய் திறந்தது வருகைப் பதிவுக்கு மட்டும்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டபோது மட்டும் எனக்குப் பேச வந்தது. அச்சில் வந்த அந்தக் கடிதத்தை அவனிடம் மாற்றிப் படித்துக் காட்டினேன். அவன் அந்தப் பக்கத்தை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டினான். தன்னுடையது என்று நினைத்து ஆறு வருடம் அதன் அடியில் நின்று வேலை செய்தான்.

பிறகு நீங்கள் எழுத ஆரம்பித்தீர்கள். அவன் சொல்வதை எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு நான் நினைத்ததை எழுதினேன். உங்கள் பதில் வந்தால், நான்காவது என்று நீங்கள் போட்ட இடத்தில் எல்லாம் மூன்றாவது என்று படித்தேன். ஒரு தடவை சந்தேகப்பட்டான். "என்னடி இந்த மனுஷன், நான் ட்ரம்ஸைப் பத்திச் சொன்னா அவரு வயலினுக்குப் பதில் சொல்றாரு?"

"படிச்சவங்க சுத்தி வளைச்சுத்தான் பேசுவாங்க அண்ணா."

"அப்போ நீயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன் ஐயா.

உங்களுக்குப் பிடித்த அந்தத் துணிச்சல்காரன் அவன் இல்லை, நான். உலகமே தலையில் வைத்து ஆடியதை அவனும் வைத்து ஆடினான், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதம் வரும் நாளில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தது அவன். உங்கள் முழங்காலுக்கு என்ன எண்ணெய் நல்லது என்று நாலு பேரைக் கேட்டு வந்தது அவன். அதை மட்டும் நான் மாற்றாமல் எழுதினேன். உயிரோடு இருந்தவரை தான் சொன்னது உங்களிடம் ஒருநாளும் போய்ச் சேரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கிறது. 'இப்பத்தான் எழுதுறவ ஒழுங்கா எழுதுறா' என்றால் அதுதான் அர்த்தம். கோபமாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் நீலப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று இருபது ஒன்று இருபத்தொன்று ஆகிறது, இருபத்திரண்டு ஆகிறது. ஒரு நிமிடமும் தொலையவில்லை. பிரிவுத் தலைவி, "இப்பத்தான் புள்ள தெளிஞ்சிருக்கு" என்கிறார்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதம் நியாயமான கடிதம். அதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டியது என் கடமை. ஆறு வருடமாக நான் பறித்ததை நீங்கள் ஒரே வரியில் திருப்பித் தருகிறீர்கள். நல்ல தங்கையாக இருந்தால் சரி என்று ஒரு வரி போட்டிருப்பேன்.

ஐயா, அதை அனுப்பாதீர்கள். வேறொன்று எழுதுங்கள். மூன்றாவது ஆல்பம் சுமார்தான் என்று எழுதுங்கள், அந்த நான்கு நிமிடத்தைக் கேட்டும் மனம் மாறவில்லை என்று எழுதுங்கள், அவன் பொறுக்க முடியாமல் பதில் சொல்ல வரும்படி எழுதுங்கள். நான் ஒரு எழுத்து மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன்.

தங்கை